பழைய கைக் கணிப்பொறி: மாற்றுவதா, வைத்துக்கொள்வதா?

பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் பக்கத்து வீட்டு மாணவன் சென்ற மாதம் என்னிடம் வந்தான். அவன் கையில் நான்கு ஆண்டுகள் பழகிய ஒரு செல்பேசி இருந்தது. “சார், இது ரொம்ப மெதுவாக இருக்கிறது. நாற்பது சதவீதம் சார்ஜ் காட்டும்போதே அணைந்துவிடுகிறது. அப்பா புதியது வாங்கித் தருகிறேன் என்கிறார். ஆனால் இந்த மாதம் அக்காவுக்குக் கல்லூரிக் கட்டணமும் கட்ட வேண்டும். வாங்கலாமா, வேண்டாமா?” என்று கேட்டான்.

இன்றைய செல்பேசி, பேசும் வசதியையும் கொண்ட ஒரு கைக் கணிப்பொறியே அல்லவா? பழைய கைக் கணிப்பொறியை எப்போது மாற்றுவது என்பதே அவன் கேள்வி. இது புதிய கேள்வியன்று. ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன் வேறொரு கருவியை வைத்திருந்தவர்களும் இதைக் கேட்டார்கள். அவர்கள் கதையை முதலில் பார்ப்போம்.

பைலட்டின் கதை

1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘பைலட்’ என்னும் கைக் கணிப்பொறி விற்பனைக்கு வந்தது. இதை உருவாக்கியவர்களில் முதன்மையானவர் ஜெஃப் ஹாக்கின்ஸ். கருவியைச் செய்வதற்கு முன், அதே அளவில் ஒரு மரத்துண்டைச் செதுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடமாடினார் அவர். அந்த அளவு அன்றாடப் பழக்கத்துக்கு ஒத்துவருமா என்று அறியவே இந்த ஏற்பாடு.

பைலட் 1000 என்ற முதல் வகையில் நினைவகம் 128 கிலோபைட் மட்டுமே. மையச் செயலகம் 16 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. திரையில் 160 × 160 புள்ளிகள். ‘ஏஏஏ’ அளவுள்ள இரண்டு சிறு மின்கலங்கள் இதற்குப் போதும். முகவரிகள், நாட்குறிப்பு, செய்ய வேண்டிய வேலைகள் ஆகியவற்றை ஒரு சிறு கோலால் திரையில் எழுதிச் சேமிக்கலாம்.

அடுத்த ஆண்டே, அதாவது 1997இல், 1 மெகாபைட் நினைவகமும் இருளில் படிக்கத் திரைக்குப் பின்விளக்கும் கொண்ட வகை வந்தது. 1998இல் வந்த பாம் III என்ற வகையில் நினைவகம் 2 மெகாபைட். அத்துடன், பக்கத்துக் கருவிக்குச் செய்தி அனுப்ப அகச்சிவப்புக் கதிர் வசதியும் சேர்ந்தது. பழைய பைலட்டை வைத்திருந்தவர்கள் திகைத்தனர்.

அக்கருவியில் நினைவகம் ஒரு தனி அட்டையில் இருந்தது. பின்புறத்து மூடியைத் திறந்து அந்த அட்டையை எடுத்துவிட்டு, புதிய அட்டையைச் செருகலாம். நிறுவனமே இத்தகைய அட்டைகளை விற்றது. 1998இல் வந்த அட்டையில் கூடுதல் நினைவகம், புதிய இயக்க மென்பொருள், அகச்சிவப்பு வசதி ஆகிய மூன்றும் இருந்தன. ஆனால் பின்விளக்கு கிடைக்காது. ஏனெனில் அது அட்டையில் இல்லை; திரையுடன் இணைந்தது.

இப்போது நீங்களே முடிவு சொல்லுங்கள். நினைவகம் நிரம்பிவிட்டது என்று வருந்தியவருக்கு அட்டை போதும். இரவில் வெளிச்சமில்லாத இடத்தில் படிக்க வேண்டியவருக்குப் புதிய கருவியே வேண்டும். ஐம்பது முகவரிகளை மட்டும் வைத்திருந்தவருக்கோ இரண்டும் வேண்டியதில்லை. கருவி ஒன்றுதான், ஆனால் குறை ஆளுக்கு ஆள் வேறு. குறை எந்த உறுப்பில் இருக்கிறது என்று கண்டபிறகே தீர்வைத் தேட முடியும்.

வேகமான செயலகம் என்ன தரும்?

“செயலகம் பத்து மடங்கு வேகமானால் எல்லாமே பத்து மடங்கு வேகமாகுமே!” என்று சிலர் எண்ணலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பைலட்டில் ஒரு புதிய முகவரியைக் கோலால் எழுத 40 விநாடியும், அதைக் கருவி வரிசைப்படுத்திச் சேமிக்க 2 விநாடியும் ஆவதாகக் கொள்வோம். மொத்தம் 42 விநாடி. செயலகம் பத்து மடங்கு வேகமானால், 2 விநாடி 0.2 விநாடியாகக் குறையும். மொத்தம் 40.2 விநாடி. மிச்சமானது 1.8 விநாடி, நூற்றுக்கு ஐந்து பங்குகூட இல்லை!

ஜீன் அம்தால் என்ற கணிப்பொறிப் பொறியாளர், பல செயலகங்களைச் சேர்த்து இயக்குவதைப் பற்றி 1967இல் கூறிய கருத்தும் இதுவே. ஒரு வேலையின் ஒரு பகுதியை மட்டும் விரைவாக்கினால், விரைவாகாத மீதிப் பகுதி மொத்த நேரத்துக்கு எல்லை கட்டிவிடும். ஆகவே, நேரம் எங்கே செலவாகிறது என்பதை முதலில் அளக்க வேண்டும்.

செல்பேசி ஏன் அணைந்தது?

மாணவனின் செல்பேசிக்கு வருவோம். நாற்பது சதவீதத்தில் அது அணைவது ஏன்? இதற்கு விடை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது. மின்கலத்தின் மின்னியக்கு விசை E, அகமின்தடை r, அதிலிருந்து எடுக்கும் மின்னோட்டம் I என்றால், வெளியே கிடைக்கும் மின்னழுத்தம் V = E – Ir ஆகும்.

E 3.7 வோல்ட் என்றும், புதிய மின்கலத்தில் r 0.1 ஓம் என்றும் கொள்வோம். விளையாட்டு ஒன்றைத் திறக்கும்போது செல்பேசி ஒரு கணம் 2 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுத்தால், கிடைப்பது 3.5 வோல்ட். லித்தியம் அயனி மின்கலம் பழகப் பழக, அதன் அகமின்தடை உயரும். r 0.3 ஓம் ஆகிவிட்டால் கிடைப்பது 3.1 வோல்ட் மட்டுமே. செல்பேசியின் சுற்றுகளுக்கு 3.2 வோல்ட் தேவையென்றால் அது அணைந்துதானே தீரும்! மின்கலத்தில் மின்னூட்டம் மீதி இருக்கிறது. ஆனால் வேண்டிய கணத்தில் அதை வேண்டிய அழுத்தத்தில் தர முடியவில்லை.

இதற்கு ஒரு சான்றும் உண்டு. மின்கலம் தேய்ந்த சில ஐபோன்கள் திடீரென அணையாமலிருக்க, தன் மென்பொருள் அவற்றின் உச்ச வேகத்தைக் குறைக்கிறது என்று ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. மின்கலத்தை மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகவும் குறைத்தது. மின்கலத்தை மாற்றியதும் அக்கருவிகள் பழைய வேகத்துக்குத் திரும்பின. செயலகம் பழுதாகவில்லை, மின்கலமே களைத்திருந்தது.

மெதுவாக இயங்கியது ஏன்?

மாணவனின் செல்பேசியில் சேமிப்பகத்தைத் திறந்து பார்த்தோம். நிழற்படங்களும் வீடியோக்களும் சேர்ந்து அது ஏறக்குறைய நிரம்பியிருந்தது. செல்பேசியில் உள்ள ஃபிளாஷ் நினைவகத்தில், எழுதிய இடத்தின் மேலேயே மீண்டும் எழுத முடியாது. ஒரு தொகுதி முழுவதையும் அழித்த பிறகே எழுத முடியும். காலியிடம் குறைந்தால், இருக்கும் செய்திகளை வேறிடத்துக்கு நகர்த்தி, தொகுதியை அழித்து, பிறகே புதியதை எழுத வேண்டியிருக்கும். தாமதத்துக்கு இது ஒரு காரணம்.

எப்போது மாற்றத்தான் வேண்டும்?

எந்நாளும் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. தயாரிப்பாளர் பாதுகாப்புத் திருத்தங்கள் அனுப்புவதை நிறுத்திவிட்டால், அக்கருவியில் வங்கி வேலைகளைச் செய்வது ஆபத்து. நமக்கு இன்றியமையாத நிரல் அதில் இயங்க மறுத்தாலும் மாற்ற வேண்டியதே. பின்விளக்கை அட்டையால் பெற முடியாதது போல, இவை மின்கலத்தை மாற்றித் தீர்க்கக்கூடிய குறைகள் அல்ல. மற்றபடி, ஒரு செல்பேசியால் சுற்றுச்சூழலுக்கு நேரும் கேட்டின் பெரும்பகுதி அதைத் தயாரிக்கும்போதே நேர்ந்துவிடுகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மேலும் ஓராண்டு பயன்படுத்தினால் அவ்வளவுக்கு இலாபம்.

மாணவனின் செல்பேசிக்குத் திருத்தங்கள் இன்னும் வந்துகொண்டிருந்தன. எனவே வீடியோக்களை வேறிடத்தில் சேமித்துவிட்டு, கடையில் மின்கலத்தை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். (இதை நீங்களே செய்ய முயல வேண்டாம். லித்தியம் மின்கலத்தில் ஓட்டை விழுந்தால் தீப்பற்றும்.) செலவு, புதிய செல்பேசி விலையில் ஒரு சிறு பங்குதான்.

பத்து நாள் கழித்து ஒரு தாளுடன் வந்தான். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு நிரலும் திறக்க எத்தனை விநாடி ஆனது என்று குறித்திருந்தான். “இப்போது அணைவதே இல்லை சார். ஒரே ஒரு பாட நிரல் மட்டும் திறக்க இன்னும் ஆறு விநாடி ஆகிறது” என்றான்.

“அதற்காகப் புதியது வாங்கலாமா?” என்று கேட்டேன்.

“ஆறு விநாடிதானே சார், காத்திருக்கிறேன். அக்கா கட்டணத்தை அப்பா நேற்றுக் கட்டிவிட்டார்” என்றான்.