மருதநாயகம்

மருதநாயகம் என்று அறியப்படும் முகம்மது யூசுப் கான் (இறப்பு: 1764 அக்டோபர் 15) 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைத்தளபதியாகவும், பின்னர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் ஆளுநராகவும் இருந்தவர். கம்பெனியையும் ஆற்காடு நவாபையும் எதிர்த்ததால் தூக்கிலிடப்பட்டார். மக்கள் இவரைக் கான் சாகிப் என்றும் அழைத்தனர்.

இளமை

இராமநாதபுரம் சீமையின் பனையூரில் வேளாளர் குடும்பத்தில் பிறந்து, பின்னர் இசுலாத்தைத் தழுவியவர் என்று கூறப்படுகிறது. சாதாரணப் படைவீரராகத் தொடங்கி, திறமையால் உயர்ந்தார்.

படைப்பணி

1752-54இல் திருச்சிராப்பள்ளியைக் காக்க நடந்த போர்களில் மேஜர் ஸ்டிரிங்கர் லாரன்சின் பாராட்டைப் பெற்றார். 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, வெளியிலிருந்து பிரெஞ்சுப் படையைத் தாக்கி அதன் உணவு வரத்துக்கு இடையூறு செய்தார். 1760இல் திண்டுக்கல்லிலிருந்து வந்த ஹைதர் அலியின் படையுடன் வத்தலக்குண்டில் மோதினார். நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவரை 1761இல் வென்றவரும் இவரே.

மதுரை ஆட்சி

1759இல் மதுரை, திருநெல்வேலிச் சீமைகள் இவருக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. கொள்ளையை அடக்கி வரிவசூலை ஒழுங்குபடுத்தினார். மீனாட்சியம்மன் கோயிலுக்கு நின்றுபோயிருந்த மானியத்தை மீண்டும் வழங்கினார்.

முரண்பாடு

இவருடைய செல்வாக்கு வளர்வதை நவாப் முகம்மது அலி விரும்பவில்லை. குத்தகைப் பணத்தைத் தம் வழியாகவே செலுத்த வேண்டும் என்றார். இவர் நவாபின் பணியாளரே என்று கம்பெனியும் முடிவு செய்தது. கம்பெனிக்காகப் போரிட்டு உயர்ந்தவர் நவாபுக்குக் கீழ்ப்படிய மறுத்து, 1763இல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார்.

முற்றுகையும் முடிவும்

1763இல் கர்னல் மான்சன் தலைமையில் நடந்த முதல் முற்றுகை தோல்வியடைந்தது. அடுத்த ஆண்டு மேஜர் சார்லஸ் காம்பெல் மதுரையைச் சூழ்ந்தார். 1764 ஜூன் 26 அன்று நடந்த நேரடித் தாக்குதலும் முறியடிக்கப்பட்டது. அதில் படுகாயமுற்ற மேஜர் பிரஸ்டன் பின்னர் இறந்தார். அதன்பின் ஆங்கிலேயர் தாக்குவதை விட்டுக் கோட்டைக்குள் உணவு செல்லாமல் தடுத்தனர். பசி முற்றியதும் உள்ளேயே பிளவு ஏற்பட்டது. அக்டோபர் 13 அன்று திவான் சீனிவாச ராவ், பிரெஞ்சுப் படைத்தலைவர் மார்ச்சந்த் முதலியோர் சேர்ந்து இவரைப் பிடித்து எதிரிகளிடம் ஒப்படைத்தனர். இரண்டு நாட்களில் மதுரை சம்மட்டிபுரத்தில் தூக்கிலிடப்பட்டார்.

நினைவிடங்கள்

மீண்டும் எழுந்துவிடுவார் என்ற அச்சத்தில் உடல் துண்டிக்கப்பட்டு வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பப்பட்டதாக மரபுச்செய்தி கூறுகிறது. அதன்படி தலை திருச்சிராப்பள்ளியிலும், கை பாளையங்கோட்டையிலும், கால் இன்றைய தேனி மாவட்டத்தின் பெரியகுளத்திலும் அடக்கம் செய்யப்பட்டன. எஞ்சிய உடல் சம்மட்டிபுரத்தில் உள்ளது. அங்கு 1808இல் தர்கா எழுப்பப்பட்டது. போடிநாயக்கனூர், பொட்டிபுரம் பகுதியினருக்கு மிக அருகிலுள்ள நினைவிடம் பெரியகுளத்தில் இருப்பதே ஆகும்.

இலக்கியத்திலும் திரையிலும்

இவரைப் பற்றிய 'கான்சாகிபு சண்டை' என்ற கதைப்பாடலை நா. வானமாமலை பதிப்பித்தார். எஸ். சி. ஹில் 1914இல் இவருடைய வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக்கினார். கமல்ஹாசனின் 'மருதநாயகம்' திரைப்படம் 1997இல் இரண்டாம் எலிசபெத் அரசி கலந்துகொண்ட விழாவில் தொடங்கப்பட்டு, இடையில் நின்றுபோனது.