முதியோர் இல்லத்தில் ஒரு சலவைக்கூடம்

சென்னை ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் பக்கத்தில் மணியக்காரர் சத்திரம் இருக்கிறது. 1782-ல் பஞ்சத்தில் அடிபட்டு வந்த ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய இடம் அது. ஸ்டான்லியை அந்தக் காலத்து ஆட்கள் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்பதும் இதனால்தான். பின்னாளில் சத்திரம் ஆதரவற்ற முதியோருக்கு இல்லமாயிற்று. அங்கிருந்து நடக்கும் தூரத்தில் வண்ணாரப்பேட்டை. கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த பேட்டை.

இந்த வட்டாரத்தில் 40 முதியோர் தங்கும் ஓர் இல்லம் சொந்தமாகச் சலவைக்கூடம் அமைக்க நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எப்படித் திட்டமிடுவது? வெளியில் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். வயதான சிலருக்குச் சிறுநீரை அடக்க முடியாது. ஈர விரிப்பிலேயே கிடந்தால் தோல் ஊறி எளிதில் புண்ணாகிவிடும். இரவு இரண்டு மணிக்கு மாற்று விரிப்பு கையில் இருக்க வேண்டும். மூன்று நாள் கழித்து வரும் மூட்டையால் பயனில்லை. ஆகவே கட்டிலில் ஒன்று, சலவையில் ஒன்று, அலமாரியில் ஒன்று என ஆளுக்கு மூன்று விரிப்பாவது தேவை. மழைக்காலத்தில் நான்கு இருந்தால் நல்லது.

முதல் விதி, அழுக்குத் துணி ஒரு வாசலில் நுழைந்து, சுத்தமான துணி வேறு வாசலில் வெளியேற வேண்டும். இரண்டும் ஒரே மேசையில் சந்தித்தால் துவைத்ததே வீண்.

அடுத்து, கறைபட்ட துணியை எடுத்தவுடன் வெந்நீரில் போடக் கூடாது. முட்டையை வேகவைத்தால் வெள்ளைக்கரு கெட்டியாகிறதல்லவா? இரத்தத்திலும் மலத்திலும் உள்ள புரதங்களும் அப்படியே நூலிழையில் இறுகிக்கொள்ளும். முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும். கிருமிகளைக் கொல்லும் வெந்நீர் அதற்குப் பிறகுதான். பிரிட்டனின் மருத்துவமனைகளில் 65 டிகிரி செல்சியசில் 10 நிமிடம், அல்லது 71 டிகிரியில் 3 நிமிடம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். சூடு ஏற ஏற நேரம் குறைவதைக் கவனியுங்கள். துணிப்பொதியின் நடுப்பகுதியும் அந்தச் சூட்டை எட்டிய பிறகே கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். சிரங்கை உண்டாக்கும் நுண்பூச்சிக்கு 50 டிகிரியில் 10 நிமிடமே போதும். வெந்நீர் தாங்காத கம்பளியை ஒரு வாரம் பையில் கட்டி வைத்தாலே போதும். மனிதத் தோலை விட்டு அது பெரும்பாலும் இரண்டு மூன்று நாளுக்கு மேல் பிழைக்காது.

தண்ணீரைப் பற்றியும் யோசிக்க வேண்டும். கடலோரக் கிணற்று நீரில் பல இடங்களில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் அதிகம். அவை சோப்புடன் சேர்ந்து நுரைக்குப் பதில் சாம்பல் நிறப் படிவைத் தரும். அது துணியில் தங்கினால் விரிப்பு சொரசொரப்பாகும். நம் தோல் பொறுத்துக்கொள்ளும். எண்பது வயதுத் தோல் காகிதம்போல் மெலிந்தது, பொறுக்காது. சலவைச் சோடா சேர்த்தால் நீரின் கடினத்தன்மை குறையும். ஆனால் சோடாவும் மிஞ்சாதபடி நன்றாக அலச வேண்டும்.

செலவு அதிகம் பிடிப்பது உலர்த்துவதில்தான். கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஆளுக்கு நாளொன்றுக்கு 2 கிலோ என்றால் மொத்தம் 80 கிலோ துணி. கையால் பிழிந்த பருத்தித் துணியில் ஏறத்தாழ அதன் எடையளவு நீர் தங்கியிருக்கும் என்று கொள்வோம். அதாவது 80 லிட்டர். ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2400 கிலோஜூல் வேண்டும். பெருக்கினால் 1,92,000 கிலோஜூல். மின்சாரத்தில் இது 53 யூனிட்! ஈரச் சைக்கிள் சக்கரத்தைச் சுற்றினால் நீர் தெறிப்பதுபோல, சுழன்று பிழியும் இயந்திரம் அந்த நீரில் பாதியை மிகக் குறைந்த மின்சாரத்திலேயே வெளியேற்றிவிடும். மிச்சமுள்ளதற்கு வெப்பம் 27 யூனிட்தான். இயந்திரம் வாங்கப் பணம் குறைவு என்றால் முதலில் வாங்க வேண்டியது இதைத்தான் என்பேன்.

வெயில் இலவசம்தானே? உண்மை. ஆனால் வட சென்னையில் கடற்காற்றின் ஈரப்பதம் உலர்வதைத் தாமதமாக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. இன்னொரு தொல்லை கரித்தூள். சென்னைத் துறைமுகம் நிலக்கரியைக் கையாண்டவரை ராயபுரத்து மொட்டைமாடிகளில் கரி படிந்தது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-ல் அது எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போயிற்று. எண்ணூர்ப் பக்கம் அனல் மின் நிலையச் சாம்பலும் உண்டு. அங்கெல்லாம் கொடிக்கு மேல் கூரை போட்டு, பக்கங்களில் வலை கட்டுவது நல்லது.

கடைசியாக, எது யாருடைய துணி? சலவைத் தொழிலாளர்கள் சேங்கொட்டைச் சாற்றால் குறியிடுவார்கள். எத்தனை முறை துவைத்தாலும் அழியாது. ஆனால் அந்தச் சாறு சிலருடைய தோலில் தடிப்பை உண்டாக்கும். இரண்டாம் உலகப் போரின்போது இந்தியா வந்த அமெரிக்கப் படைவீரர்கள் சிலருக்குச் சட்டைக் குறி பட்ட இடத்தில் அப்படி வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாட்டியின் சொந்தச் சேலை அவரிடமே திரும்ப வர வேண்டும். அதற்காக அவருக்கு அரிப்பைக் கொடுக்கலாமா? சிறு நாடாவில் சிவப்பு நூலால் கட்டில் எண்ணைத் தைத்துவிடலாம். வெந்நீரில் சாயம் போகாத நூல்தானா என்று முதலில் ஒரு கந்தலில் தைத்துத் துவைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.