மலையிடைக் கடல் காணச் செல்வோர்க்கு

பாடசாலைப் பூமிசாத்திர நூலில் ‘நுழைகழி’ என்னும் சொல்லையும், அதன் கீழிருந்த சிறு படத்தையும் பார்த்துவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றவர்கள் நம்மிற் பலர். அச்சொல்லுக்குப் பெயர்பெற்ற நாடு நோர்வே. இன்று நம்மவருட் சிலர் விடுமுறைக்கு அங்கு செல்லும் எண்ணங்கொண்டு பணஞ் சேர்க்கின்றனர். வாழ்நாளில் ஒருமுறை மட்டுமே கிட்டக்கூடிய பயணமாதலின், எதைக் காண்பது என்பதினும் எதை விடுவது என்பதே முதலில் ஆராயத்தக்கது.

நுழைகழி என்பது ஆறும் அன்று, வாவியும் அன்று. பனியூழிக் காலத்தில் மலைகளினின்று இறங்கிய பெரும் பனிக்கட்டியாறுகள் பள்ளத்தாக்குகளைக் கடல் மட்டத்துக்கும் கீழே அகழ்ந்தன. பனி உருகியபின் அப்பள்ளங்களிற் கடல் புகுந்தது. நோர்வேயில் உள்ளவற்றுள் மிக நீண்டது சொக்ன நுழைகழி. 204 கிலோமீற்றர் உள்நாட்டிற் செல்கின்றது. அதன் ஆழம் ஓரிடத்தில் 1,300 மீற்றர். வியப்பு யாதெனில், கடலோடு சேரும் வாயிலில் ஆழம் குறைவு. உள்ளே செல்லச் செல்லவே ஆழம் மிகும். பனிக்கட்டியின் வலிமை மலைநாட்டில் மிகுந்தும் கரையோரத்திற் குன்றியும் இருந்தமையே இதற்குக் காரணம். அத்திலாந்திக்கின் வெப்ப நீரோட்டம் அணைந்து செல்வதால், இத்துணை வடக்கேயிருந்தும் இக்கரையோரத் துறைமுகங்கள் மாரியில் உறைவதில்லை.

இனிப் பயணத்துக்கு வருவோம். படத்திற் பார்க்கும்போது நோர்வே ஒடுங்கிய சிறு நாடாகவே தோன்றும். ஆயின் தலைநகர் ஒஸ்லோவிலிருந்து வடகோடியிலுள்ள வடமுனைக்குத் தரைவழியாகச் சுமார் 2,000 கிலோமீற்றர் செல்லவேண்டும். பத்து நாளில் நள்ளிரவுச் சூரியனையும், நுழைகழிகளையும், ஒஸ்லோவின் நூதனசாலைகளையும் ஒருங்கே காண முயல்வோர் விமான நிலையங்களையே மிகுதியாகக் காண்பர். குழந்தைகளுடன் செல்லுங் குடும்பத்துக்கு மேற்குக் கரையில் ஒரே ஒரு நுழைகழி போதும் என்பது எமது கருத்து.

காலம் எது? நீர்வீழ்ச்சிகளைப் பார்க்க விரும்புவோர்க்கு மே பிற்பகுதியும் ஜூன் மாதமும் ஏற்றவை. மலைப்பனி உருகி வெள்ளம் பெருகுங் காலம் அது. ஹார்டாங்கர் நுழைகழிக் கரையில் மே மாதத்தில் அப்பிள் மரங்கள் பூக்கும். ஜூலையில் நோர்வேக்காரரே விடுமுறையில் புறப்படுவர். விடுதிகளில் இடம் அருமை. நள்ளிரவிலும் மறையாத சூரியன் வேண்டுமாயின் மே பிற்பகுதி தொடங்கி ஜூலை பிற்பகுதிவரை வடக்கே திரொம்சோ முதலிய இடங்களுக்குச் செல்லவேண்டும். அதே திரொம்சோவில் நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடுப்பகுதிவரை சூரியன் உதிப்பதேயில்லை. வடதிசை ஒளியைக் காண மாரியிற் செல்பவர் இதையும் நினைவிற் கொள்க.

நாம் விதந்து கூறும் வழி புகையிரத வழியே. ஒஸ்லோவிலிருந்து பேர்கன் நகருக்குச் செல்லும் பாதை 1909ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பின்சே என்னும் நிலையத்தில் அது 1,222 மீற்றர் உயரத்துக்கு ஏறுகின்றது. ஜூனிலும் அங்கு பனி கிடக்கும். மியுர்டால் நிலையத்தில் இறங்கி, புளோம் என்ற சிற்றூருக்குச் செல்லும் கிளைப்பாதையிற் சிறிய புகையிரதம் ஏறவேண்டும். நீளம் 20 கிலோமீற்றரே. இறங்குவதோ சுமார் 860 மீற்றர். இருபது சுரங்கங்களுள் பதினெட்டைத் தொழிலாளர் கையாலேயே குடைந்தனர். புளோமில் இரு இரவு தங்கி, படகேறி, நேரொய் நுழைகழி வழியே குட்வாங்கனுக்குச் செல்லலாம். இரண்டு மணி நேரப் பயணம். அக்கழியின் மிக ஒடுங்கிய இடத்தின் அகலம் 250 மீற்றர். இருமருங்கும் 1,000 மீற்றருக்கு மேல் உயர்ந்த மலைகள். குட்வாங்கனிலிருந்து பஸ்ஸில் வொஸ். அங்கிருந்து மீண்டும் புகையிரதத்திற் பேர்கன். மோட்டார் வண்டி வாடகைக்கு எடுக்கவேண்டிய தேவையே இல்லை.

நேரொயும் கைறாங்கர் நுழைகழியும் 2005ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டவை. கைறாங்கருக்குப் புகையிரதம் இல்லை. ஓலெசுண்ட் நகரிலிருந்து செல்லவேண்டும். ஆயினும் நாட்கள் மிஞ்சுமாயின் அங்கு செல்லத் தூண்டுவன ‘ஏழு சகோதரியர்’ என்ற அருவி மட்டுமல்ல, அதன் அயலே செங்குத்துப் பாறையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய கமக்காரர் வீடுகளுந்தான். கினிவ்ஸ்புளோ, ஸ்காகேபுளோ என்பன அவற்றின் பெயர்கள். கையளவு நிலத்திற் புல் வளர்த்து ஆடு மேய்த்த மக்கள், குழந்தைகள் விளிம்பால் விழாதிருக்க அவர்களைக் கயிற்றாற் கட்டி வைத்தனராம். வரி அறவிடுவோர் வருங்காலை ஏணியை மேலே இழுத்துவிடுவர் என்றும் ஒரு கதை உண்டு. எந்நாட்டுக் கமக்காரனுக்கும் இனிக்கக்கூடிய கதை! பாறை சரியும் அபாயத்தால் கினிவ்ஸ்புளோ 1898இற் கைவிடப்பட்டது. அவ்வச்சம் வீணானதன்று. 1934ஆம் ஆண்டு ஏப்ரலில் அயலிலுள்ள தாபியோர்ட்டில் மலைத்துண்டொன்று நீருள் வீழ, எழுந்த பேரலை நாற்பது உயிர்களைக் கொண்டுசென்றது. கைறாங்கருக்கு அண்மையிலுள்ள ஓக்கர்நேசெற் மலையை இன்று இரவும் பகலும் கருவிகளாற் கண்காணிக்கின்றனர். படகிலிருந்து படம் பிடிக்கும் பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லுங்கள்.

செலவு அதிகம் என்பதை மறைப்பதற்கில்லை. உணவகத்தில் நால்வர் ஒருவேளை உண்ணும் பணத்தில், கடையில் அரிசியும் பருப்பும் மீனும் வாங்கிப் பல வேளை சமைக்கலாம். ஆகவே அடுப்பு உள்ள மரக்குடில்களையே தெரிந்துகொள்க. ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடப்பட்டிருக்கும். சனியன்றே வாங்கி வைத்தல் நலம். குழாய்நீர் குடிக்கத்தக்கது, போத்தலில் வாங்குவது வீண். 1957ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால், பயிரிடப்படாத வெளிகளில் எவரும் நடக்கலாம். வீடுகளினின்று 150 மீற்றருக்கு அப்பாற் கூடாரமும் அடிக்கலாம். கம்பளி உள்ளாடையும் மழைச்சட்டையும் ஜூனிலும் அவசியம். பேர்கனில் குடையை நம்பவேண்டாம். காற்று அதைப் பிடுங்கிவிடும்.

1980ஆம் ஆண்டுகளில் வடகோடியான பின்மார்க்கில் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் நம்மவர் பலர் வேலை செய்தனர். இன்று ஒஸ்லோவிலும் பேர்கனிலும் தமிழ்க் குடும்பங்கள் பல. உறவினர் அங்கிருப்பின் செலவு பாதியாகும். ஆனால் வீடு வீடாக விருந்துண்டு, நுழைகழியைக் காணாமலே திரும்பும் அபாயமும் உண்டு. வந்திறங்கிய மறுநாளே புகையிரதம் ஏறிவிடுங்கள். விருந்து திரும்பி வந்தபின் ஆகட்டும். அத்தையும் மாமாவும் கோபிக்கமாட்டார்கள்.

நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்திற் சேராத நாடெனினும், செங்கன் விசாவே அதற்கும் வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதியும் காட்டல்வேண்டும். கொழும்பிலிருந்த நோர்வேத் தூதரகம் 2023ஆம் ஆண்டு மூடப்பட்டதால், மனுவை எங்கே கொடுப்பது என்பதை முதலில் விசாரித்து அறிக. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே மனுக் கொடுக்கலாம். ஜூனிற் புறப்படுவோர் மார்ச் மாதத்திலாவது அதைக் கொடுத்துவிட்டு, விசா கைக்கு வருமுன் பணம் திருப்பித் தரப்படாத சீட்டு எதனையும் வாங்காதிருத்தல் நன்று.