வண்ணத்தில் எடுத்த கறுப்பு வெள்ளைத் தொடர்

1950 ஆம் ஆண்டில் அமெரிக்க வீடுகளின் தொலைக்காட்சித் திரைகளில் கறுப்பும் வெள்ளையுமே தெரிந்தன. அக்காலத்தில்தான் ஃபிரெடரிக் ஜிவ் என்னும் தயாரிப்பாளர், 'சிஸ்கோ கிட்' என்னும் குதிரைவீரன் கதைத் தொடரை வண்ணப் படச்சுருளில் எடுத்தார். வண்ணத்திற்குச் செலவு மிகுதி. காண்போர்க்கோ அதனால் அன்று பயனில்லை. பிறர் இதனை வீண்செலவு என்று கருதியிருந்தால் அதில் வியப்பில்லை.

ஜிவ் வணிகம் செய்த முறையை அறிந்தால் இத்துணிவின் காரணம் விளங்கும். அக்காலத்தில் நியூயார்க் நகரின் பெரிய ஒளிபரப்பு நிறுவனங்கள் நிகழ்ச்சிகளை நேரலையாகக் கம்பிவழி அனுப்பின. நாட்டின் இரு கரைகளையும் இணைக்கும் தடம் 1951 இல்தான் அமைந்தது. அதுவரை தொலைவிலுள்ள நிலையங்களுக்கு, திரையில் ஓடுவதையே படமெடுத்து அனுப்பினர். அப்படி வந்த காட்சி மங்கலாக இருந்தது. ஜிவ் அந்நிறுவனங்களை நாடவில்லை. சின்சினாட்டி நகரத்தவரான அவர், முன்னரே வானொலி நிகழ்ச்சிகளை இசைத்தட்டுகளில் பதிந்து நிலையம் நிலையமாக விற்றுப் பழகியவர். தொலைக்காட்சியிலும் அவ்வழியையே பின்பற்றினார். ஒரு படத்தின் பல படிகள் தகரப் பெட்டிகளில் ஊர் ஊராகச் சென்றன. உள்ளூர் நிலையம் அதனை வாங்கித் தனக்கு உகந்த நாளில் ஒளிபரப்பியது. இடையில் உள்ளூர் வணிகரின் விளம்பரம் இடம்பெற்றது. ஆகவே, ஒரே கதை வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு நாள்களில் ஓடியது.

கலிபோர்னியாவின் பாலைநிலத்தில் படப்பிடிப்பிற்கென்றே 1946 இல் எழுந்த பயோனியர்டவுன் என்னும் ஊர், இத்தொடரின் களங்களுள் ஒன்று. டங்கன் ரெனால்டோ சிஸ்கோவாக நடித்தார். தோழன் பாஞ்சோவாகக் குதிரையேறிய லியோ கரில்லோவுக்கு அப்போது அகவை எழுபதை ஒட்டி இருந்தது! ஓ. ஹென்றி 1907 இல் எழுதிய மூலக்கதையில் சிஸ்கோ இரக்கமற்ற கொலைஞன். திரையிலோ எளியோரைக் காக்கும் நல்லவன். குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் விற்க வேண்டிய தொடருக்கு முதலாமவன் உதவமாட்டான் அல்லவா?

1953 டிசம்பரில் வண்ண ஒளிபரப்பு முறைக்கு அரசின் ஏற்பு கிடைத்தது. ஆயினும், வண்ணப்பெட்டியின் விலை சாமானியர்க்கு எட்டாததாயிருந்தது. 156 பகுதிகளுடன் 1956 இல் தொடர் நிறைவுற்றபோதும் பெரும்பாலோர் அதைச் சாம்பல் நிறத்திலேயே கண்டிருந்தனர். 1960களில் வண்ணப்பெட்டிகள் பரவியபோது, நிலையங்களுக்கு வண்ண நிகழ்ச்சிகள் தேவைப்பட்டன. அதே காலத்து நேரலை நிகழ்ச்சிகள் பலவும் காற்றோடு மறைந்திருக்க, சிஸ்கோவின் படச்சுருள்கள் மீண்டும் பெட்டிகளிலிருந்து வெளிவந்தன.