வயல் வழியே வந்த இணைய இணைப்பு

இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள லங்காஷயர் பகுதியில் லூன் ஆற்றுப் பள்ளத்தாக்கு உள்ளது. அங்குள்ள சிற்றூர்களில் ஆடு, கறவை மாடு வளர்ப்பே முக்கியத் தொழில். பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் உள்ளன. மாடு ஒன்றை வாங்கினாலும் விற்றாலும் 3 நாட்களுக்குள் அரசுப் பதிவேட்டில் தெரிவிக்க வேண்டும் என்பது அந்நாட்டு விதி. இதை இணையம் வழியே செய்வது எளிது. ஆனால் நல்ல இணைப்பு ஊருக்கு வந்தால்தானே?

தொலைபேசி நிலையத்திலிருந்து செம்புக் கம்பி மூலம் வரும் இணைப்பின் வேகம், தூரம் கூடக் கூடக் குறையும். ஒளியிழைக் கம்பிக்கு இக்குறை இல்லை. எனினும் சில வீடுகளுக்காகப் பல மைல் தூரம் பள்ளம் தோண்டுவது வணிக நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

எனவே ஊர் மக்களே ஒன்று கூடினர். 2011-ஆம் ஆண்டில் பொதுநலச் சங்கம் ஒன்றைப் பதிவு செய்தனர். லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் கணினி வலையமைப்புப் பணியில் இருந்த பேரி ஃபோர்டு தொழில்நுட்ப வழிகாட்டியாக அமைந்தார். 'பார்ன்' என்பது சங்கத்தின் சுருக்கப் பெயர். ஆங்கிலத்தில் பண்ணைக் கொட்டகைக்கும் அதே ஒலியுடைய சொல்தான்.

செலவு குறைந்தது எப்படி?

ஒளியிழை இணைப்பில் பெருஞ்செலவு கம்பிக்கு அன்று, பள்ளம் தோண்டுவதற்கே. சாலையை உடைத்துத் தோண்டி மீண்டும் சீரமைக்க அதிகம் செலவாகும். மேய்ச்சல் நிலத்தில் அச்செலவு மிகக் குறைவு. ஆகவே குழாயை வயல்கள் வழியே கொண்டு செல்லத் திட்டமிட்டனர். நில உரிமையாளர்கள் வழிக்கட்டணம் வாங்காமல் அனுமதி அளித்தனர். இந்த அனுமதி இல்லையேல் திட்டமே இல்லை. இடையில் ஒருவர் மறுத்தாலும் குழாயைச் சுற்றிக் கொண்டு செல்ல நேரும். அப்பால் உள்ள வீடுகள் காத்திருக்க வேண்டும்.

2012-இல் வேலை தொடங்கியது. பல விவசாயிகள் தம் நிலத்தில் தாமே தோண்டினர். நிலத்தடி வடிகாலும் தண்ணீர்க் குழாயும் எங்கே செல்கின்றன என்பதை நிலத்துக்குரியவரே நன்கு அறிவார் அல்லவா? மண்ணைக் கீறியபடியே குழாயைப் புதைத்துச் செல்லும் கலப்பையும் பயன்பட்டது. புதைத்த குழாயினுள் அழுத்தக் காற்றின் உதவியால் மெல்லிய ஒளியிழை செலுத்தப்பட்டது. இழைகளை உருக்கி இணைக்கும் நுட்பத்தையும் உள்ளூர்வாசிகள் கற்றுக்கொண்டனர்.

பங்கு முறை

முதலீட்டைப் பங்குகள் மூலம் திரட்டினர். 100 பவுண்டு இருந்தால் பங்கு வாங்கலாம். தோண்டிய வேலைக்குரிய கூலியையும் பங்காகப் பெறலாம். பங்கு எவ்வளவு இருப்பினும் உறுப்பினருக்கு ஒரு வாக்குத்தான். சங்கச் சொத்தை விற்றுத் தனியார் இலாபம் அடைய முடியாது.

வினாடிக்கு 1,000 மெகாபிட் வேகம் பெறவும் அனுப்பவும் கிடைத்தது. தொடக்க ஆண்டுகளில் மாதக் கட்டணம் 30 பவுண்டு. இன்று இச்சங்கம் 10,000-க்கும் மேற்பட்ட இணைப்புகளை வழங்கியுள்ளது.

கருத்தில் கொள்ள வேண்டியவை

இத்தகைய முயற்சியில் இறங்கும் எந்த ஊரும் முதலில் எத்தனை வீட்டார் இணைப்புப் பெறுவர் எனக் கணக்கெடுத்தல் வேண்டும். குழாய் செல்லும் ஒவ்வொரு நிலத்துக்கும் எழுத்து மூலம் அனுமதி பெறுவது அவசியம். பின்னர் உழும்போது கம்பி அறுபடாமலிருக்கக் குழாயைப் போதிய ஆழத்தில் புதைத்து, அதன் தடத்தை வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும். பழுது பார்க்க ஆளும் நிதியும் முன்கூட்டியே ஒதுக்குதல் நலம்.

லூன் பள்ளத்தாக்கு விவசாயிகளிடம் பெரும் பணம் இல்லை. நிலமும் உழைப்பும் இருந்தன. அவ்விரண்டையும் ஒன்று சேர்த்ததால், வணிகக் கணக்கில் விடுபட்ட வீடுகளுக்கும் இணைப்பு வந்து சேர்ந்தது.