நல்ல வலைத்தளத்தில் மட்டும் விரல் ஏன் தடுமாறுவதில்லை?

கொல்கத்தாவின் எஸ்பிளனேட் மெட்ரோ நிலையத்தில் இறங்கியிருக்கிறீர்களா? 1984-ல் இந்தியாவின் முதல் மெட்ரோ இங்கிருந்துதான் பவானிபூர் வரை ஓடியது. இன்று நீலத் தடமும் பச்சைத் தடமும் இங்கே சந்திக்கின்றன. வங்க மொழி தெரியாதா? பலகைகளில் இந்தியும் ஆங்கிலமும் உண்டு. ஹவுரா போக வேண்டுமென்றால் பச்சையைப் பிடித்துக்கொள்ளுங்கள், போதும்.

வலைத்தளமும் இப்படித்தான். அதை நாம் வரிவரியாகப் படிப்பதில்லை, கண்ணால் மேய்கிறோம். வலைத்தளப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 1997-ல் வெளியிட்ட சோதனையில் 79 விழுக்காட்டினர் அதையே செய்தார்கள். தலைப்பு, நிறம், பொத்தான் என்று கண் தாவிக்கொண்டே போகும்.

அந்தப் பொத்தான் பக்கத்துக்குப் பக்கம் இடம் மாறினால்? அடுத்த நிலையத்தில் பச்சைத் தடம் திடீரென்று சிவப்பானது போலத்தான். மூளை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். யாருக்குப் பொறுமை இருக்கிறது?

பொத்தானின் அளவும் முக்கியம். ஆட்களைத் தகடுகளைக் கோலால் மாறி மாறித் தட்டவைத்து, ஆகும் நேரத்தை உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-ல் அளந்தார். இலக்கு சிறுத்து, தள்ளிப்போனால் கை போய்ச்சேர நேரமாகிறது. கணினிக்கு மவுஸ் வருவதற்கு முன்பே செய்த சோதனை இது!

உங்கள் கடைக்கு வலைத்தளம் போடுகிறீர்களா? வீட்டுப் பெரியவரிடம் செல்போனைக் கொடுத்து ஒரு பொருள் வாங்கச் சொல்லுங்கள். குறுக்கே பேசாதீர்கள். அவர் திகைத்து நிற்கும் இடத்தை முதலில் திருத்துங்கள்.