ஆனைக்கொன்றானா, ஹெணகந்தயாவா?

தென்னமெரிக்காவிலே, அமேசன் ஆற்றினைச் சார்ந்த சதுப்பு நிலங்களில் வாழும் பெரும்பாம்பினை ஆங்கிலேயர் அனக்கொண்டா என்பர். அப்பாம்பு நம் இலங்கைக் காடுகளுக்கு உரியதன்று. ஆயினும், அதன் பெயர் இங்கிருந்தே கப்பலேறிற்று. 'ஆனைக்கொன்றான்' என்னும் தமிழ்ச்சொல்லே அவ்வாறு திரிந்தது என யாம் பல்லாண்டு வகுப்பறையிற் பெருமிதத்தோடு கூறிவந்தோம். ஒருநாள் மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அதற்குச் சான்று யாது?" என வினவினான். அன்று எம்மிடம் விடையில்லை. பின்னர் யாம் தேடிக் கண்டவற்றை அவனுக்கும் அவன்றன் தோழர்க்கும் உரிய விடையாக இம்மலரில் வைக்கின்றோம்.

இப்பெயரின் வரலாற்றை ஆங்கில இயற்கையறிஞர் ஜோன் றே 1693 இல் இலத்தீன் மொழியில் வெளியிட்ட விலங்கு நூலிலிருந்து தொடங்கலாம். ஒல்லாந்து தேசத்து லெய்டன் நகரக் காட்சிச்சாலையில் இருந்த பாம்புகளின் பட்டியல் ஒன்று அந்நூலில் இடம்பெற்றுளது. அதன்கண், எருமை முதலியவற்றின் உறுப்புகளை நெரிக்கும் பாம்பொன்றை இலங்கையர் 'அனகந்தாயா' என்பர் எனக் குறிக்கப்பட்டுள்ளது.

பின்னர் 1768 இல், ஸ்கொத்லாந்துச் சஞ்சிகையொன்றில் எட்வின் என்பார் பெயரால் ஒரு கடிதம் வெளிவந்தது. இலங்கையில் அனக்கொண்டா ஒரு புலியைப் பிடித்து, மரத்தோடு சேர்த்து இறுக்கி, எலும்புகளை நொறுக்கி விழுங்கியதைத் தாம் கண்டதாக அவர் எழுதினார். இலங்கைக் காட்டிலே சிறுத்தை உண்டு, வேங்கைப்புலி இல்லை. கடிதம் கற்பனையே என்பது அறிஞர் முடிபு. எனினும், அக்கற்பனையே இப்பெயரை ஐரோப்பா எங்கும் பரப்பிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலங்கியலார் இப்பெயரைத் தென்னமெரிக்கப் பாம்புக்குச் சூட்டிவிட்டனர்.

இங்குள்ள பெரும்பாம்பு யாதெனின், அது மலைப்பாம்பே. பழந்தமிழர் அதனை மாசுணம் என்றனர். சிங்கள மக்கள் பிம்புரா என்பர். 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்து, நம் நகருக்கு அண்மையிலுள்ள எலதெத்தவிலும் வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் வெளியிட்ட நூலில் அப்பாம்பினைப் பிம்புரா என்ற பெயராலேயே வருணித்தார். அது மானைக் கொம்போடு விழுங்கும் என்றார். எனவே, அனகந்தாயா என்னும் பெயர் மலைப்பாம்புக்கு எவ்வாறு வந்தது என்பதே வினா.

இதற்கு விடைகள் இரண்டு. ஆங்கிலத்திற் புகுந்த கீழ்நாட்டுச் சொற்களைத் தொகுத்து 1886 இல் அகராதி வெளியிட்ட யூல் என்பவர், யானையைக் கொன்றது என்னும் பொருள்படும் தமிழ்ச்சொல்லே மூலமாகலாம் என்றார். டொனால்ட் பேகுசன் என்பவரோ, 'ஹெணகந்தயா' என்னும் சிங்களச் சொல்லைக் காட்டினார். ஹெண என்பது இடி அல்லது மின்னல். கந்த என்பது மரத்தண்டு. இன்றும் அப்பெயரால் வழங்குவது, கொடிபோல் மெலிந்த ஒரு மரப்பாம்பே. அதன் பெயர் எவ்வாறோ மலைப்பாம்பின்மேல் ஏறிவிட்டது என்பது அவர் கருத்து.

இரண்டையும் சீர்தூக்குவோம். றேயின் 'அனகந்தாயா' சிங்களச் சொல்லோடு பெரிதும் ஒத்துளது. முதலிலுள்ள ஹகரம் கெட்டு, எகரம் அகரமாயிற்று. 'கொன்றான்' என்பதற்கு வேண்டிய ஒகரம் அவ்வடிவில் இல்லை. பிற்காலத்து 'அனக்கொண்டா'விலேதான் அது தோன்றுகின்றது. அன்றியும், றே தந்த விளக்கம் எருமையைச் சுட்டுகின்றதேயன்றி யானையைச் சுட்டவில்லை. மலைப்பாம்பு யானையைக் கொல்வதும் இல்லை. ஆகவே, சிங்கள மூலமே வலிவுடையது என்பது எமது துணிபு. ஆங்கில அகராதிகளும் பெரும்பாலும் இதனையே கூறுகின்றன.

இவ்வாறு எழுதுவது தமிழாசிரியராகிய எமக்கு எளிதாயிருக்கவில்லை. ஆயினும், கட்டுமரம், சுருட்டு, மிளகுதண்ணீர் முதலிய சொற்களை ஆங்கிலத்துக்கு ஈந்த மொழிக்கு, ஐயத்துக்கிடமான ஒரு சொல்லால் ஆகவேண்டிய பெருமை ஏதுமில்லை. கண்டி என நாம் வழங்கும் இந்நகரின் ஆங்கிலப் பெயரும் 'கந்த உட ரட', அஃதாவது மலைமேல் நாடு, என்னும் சிங்களத் தொடர் போர்த்துக்கேயர் நாவிற் குறுகிப் பிறந்ததே. அதனால் இந்நகரம் நம்முடையது அல்லாமற் போகவில்லை. அயலார் மொழிக்கு உரியதை அவர்க்கே உரியதென ஒப்புவோனே, தன் மொழிக்கு உரியதை அஞ்சாது கூறும் தகுதி பெறுகின்றான். அன்று எழுந்து சான்று கேட்ட அம்மாணவன், அப்பாடத்தை எமக்குக் கற்பித்தான்.